படுவான்கரையில் விட்டு வந்த மையவாடிகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுசாக வாசியுங்கள். வீட்டில் வயசாளிகள் இருந்தால் அவங்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்தப் பதிவின் முக்கியமான வேலை அவங்க கையில்தான் இருக்கு.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 3 வந்தால் 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் கொல்லப்பட்ட நம்மட சுஹதாக்களை நினைக்கிறோம். ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் நடந்ததையும் நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். ஆனால் அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. அதற்கு நாளும் இல்லை, கூட்டமும் இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வேளாண்மை செய்து வாழ்ந்த நம்மட ஆட்கள் உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வந்தார்கள். உறுகாமம், உன்னிச்சை என்று பெயர் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குக் குளம்தான் ஞாபகம் வருகிறது. அங்கே பள்ளிவாசல் இருந்தது, பாங்கு கேட்டது, மாட்டுப்பட்டி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. பள்ளிவாசல் இருந்த ஊரில் மையவாடியும் இருந்திருக்கும்தானே? அந்த மையவாடிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வகுப்பில் சில வேளை பிள்ளைகளிடம் கேட்பேன், "உங்கட மூத்தவாப்பாக்கள் என்ன தொழில் செய்தாங்க?" என்று. கடை, வியாபாரம், தறி, வெளிநாடு என்று பதில் வரும். "வேளாண்மை" என்று சொல்லும் பிள்ளை குறைவு. நாம் பிறவி வியாபாரிகள் என்று வெளியில் உள்ளவர்கள் சொல்வது போதாதென்று இப்போது நம்மட பிள்ளைகளும் அப்படியே நினைக்கிறார்கள்.

வரலாறு அப்படி இல்லை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி அரசன் செனரத் அவர்களை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினான். சுமார் 4000 பேர் என்பது வரலாற்று நூல்களில் உள்ள கணக்கு. அதற்கு முன்பிருந்தே இங்கே இருந்தவர்களும் உண்டு. இத்தனை பேரும் தராசு பிடித்து மட்டும் வாழ்ந்திருக்க முடியுமா? வயல்தான் சோறு போட்டது. போடியார், முல்லைக்காரன், வட்டைவிதானை, களவெட்டி, சூடு மிதித்தல் என்ற சொற்கள் தமிழர் வீட்டிலும் நம்மட வீட்டிலும் ஒரே மாதிரித்தான் புழங்கின. களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லாமல் "பொலி" என்று சொல்லும் மரியாதை ரெண்டு பேருக்கும் பொதுவானது. தாய்வழிக் குடி என்ற முறையும் ரெண்டு பேருக்கும் உண்டு. ஒரே மண்ணை உழுதவர்களுக்குத்தான் இப்படி ஒரே சொல் வரும்.

எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் வயல் என்பது ஒரு வகை வாழ்க்கை. மாரி தொடங்கினால் பாதையில் ஏறி வாவியைக் கடந்து போய், வயல் வாடியில் மாதக்கணக்கில் தங்கி, அறுவடை முடிந்துதான் திரும்புவார்கள். (இளம் ஆட்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே பாதை என்றால் ரோடு இல்லை, ஆட்களையும் வண்டியையும் ஏற்றிப் போகும் மிதவை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கேயும் அதுதான் இருந்தது.) இன்னொரு வகை, குளத்தை நம்பி அங்கேயே குடியேறியவர்கள். உறுகாமம், உன்னிச்சை ஆட்கள் இந்த வகை. காடு வெட்டினார்கள், யானையோடு மல்லுக்கட்டினார்கள், பாம்புக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். பறிகொடுத்த பிள்ளைகளை அந்த மண்ணிலேயே அடக்கினார்கள்.

ஒரு ஊர் எப்போது ஊராகிறது என்று யோசித்துப் பாருங்கள். வாடி கட்டினால் ஊர் இல்லை. போகம் முடிந்ததும் பிரித்துக்கொண்டு வரலாம். முதல் ஜனாஸாவை அங்கேயே அடக்கும் நாளில்தான் "இனி இதுதான் நம்மட இடம்" என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அந்த ஆட்கள் அங்கே கமக்காரர்களாக வாழ்ந்தார்கள் என்பதற்கு மையவாடியை விட உறுதியான சாட்சி இல்லை. பெர்மிட் கடதாசி 90இல் எரிந்த வீட்டோடு போயிருக்கும். பள்ளிவாசல் சுவர் விழுந்திருக்கும். அடக்கப்பட்டவர்கள் மட்டும் இடம் மாறவில்லை.

1990க்குப் பிறகு 2007வரையான காலத்தில் பெரும்பாலும் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்தப் பக்கம் போய் ஒரு மீஸான் கட்டையைப் பார்த்து வரக்கூட நம்மட ஆட்களுக்கு முடியவில்லை. யுத்தம் முடிந்த பிறகு உறுகாமத்துக்கும் உன்னிச்சைக்கும் சில குடும்பங்கள் திரும்பிப் போயின. பலர் போகவில்லை. 17 வருடத்தில் பிள்ளைகள் எழுவான்கரையில் படித்து, கலியாணம் முடித்து, தொழில் பிடித்துவிட்டார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மீஸான் கட்டை மரத்தில் நட்டிருந்தால் கறையான் தின்றிருக்கும். கல்லாக இருந்தால் புல் மூடியிருக்கும். அடையாளம் காட்டக்கூடியது இப்போது மனுசருடைய ஞாபகம்தான். 1990இல் 40 வயதாக இருந்தவருக்கு இன்று 75 தாண்டிவிட்டது.

இது நமக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் பிரைஸ்வில் என்று ஒரு ஊர். 19ஆம் நூற்றாண்டில் கறுப்பின மக்கள் அங்கே வந்து காடு வெட்டிக் கமம் செய்தார்கள். அடிமை வாழ்க்கையிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களில் உண்டு. பிறகு நிலம் அவர்கள் கையை விட்டுப் போனது, ஆட்களும் சிதறினார்கள். 1930களில் புதிய காணிக்காரர் ஒருவர் அவர்களுடைய மையவாடியை உழுது உருளைக்கிழங்கு போட்டார். கல்லறைக் கற்கள் பிடுங்கப்பட்டு, சிலது தொழுவத்துக்குத் தளமாகப் போயின. ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. கிளற வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கடைசியில் சிலர் தேடிக் கிளம்பி, சில கற்களை மீட்டு, இடத்தை வேலி போட்டு ஒதுக்கினார்கள். 1990இல் மாகாணத்தின் துணை ஆளுநர் லிங்கன் அலெக்சாண்டர், அவரும் கறுப்பினத்தவர், வந்து நினைவுக்கல்லைத் திறந்து வைத்தார். 2000இல் கனடா தேசியத் திரைப்படச் சபை இதை ஒரு ஆவணப்படமாக எடுத்தது.

வருடத்தைக் கவனித்தீர்களா? அங்கே 60 வருடம் மறைந்து கிடந்த மையவாடி மறுபடி வெளிச்சத்துக்கு வந்த அதே 1990இல்தான் இங்கே நம்மட மையவாடிகள் மறைய ஆரம்பித்தன. அங்கே வேலை தொடங்கியபோது நேரில் கண்ட தலைமுறை பெரும்பாலும் போய்விட்டது. இங்கே அந்தத் தலைமுறை இன்னும் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறது. நாம் இன்னும் போய்க் கேட்கவில்லை.

இதை எழுதினால் மூன்று கேள்வி வரும் என்று தெரியும்.

முதலாவது, "பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?" என்பார்கள். என் எண்ணம் பழி வாங்குவது இல்லை. அதே 1990இல் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டதையும், வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்தவர்கள் கொல்லப்பட்டதையும் நான் மறக்கவில்லை. 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்ன நடந்தது என்பதும் தெரியும். பிறகு தரவையிலும் மாவடிமுன்மாரியிலும் மாவீரர் துயிலும் இல்லங்களை இயந்திரத்தால் தள்ளியபோது எத்தனை தாய்மார் தங்கட பிள்ளையின் இடத்தைத் தேடி அழுதார்கள்? அந்த அரசியலோடு நமக்கு எவ்வளவு கணக்கு இருந்தாலும், பிள்ளையை மண்ணில் வைத்த உம்மாவின் வலியில் பக்கச்சார்பு பார்க்க முடியாது. ஆகவே நம்மட மையவாடிக்குக் கேட்கும் மரியாதையை மற்றவருடைய மயானத்துக்கும் நாம் கொடுக்க வேண்டும். நம்மட ஊர் எல்லைக்குள் தமிழர்களின் கோயில் காணியோ மயானமோ பற்றிப் பேச்சு வந்தால் இதே அளவுகோலைப் பிடிப்போம். அப்படிப் பிடிக்கத் தயாரில்லாதவர் இதைக் கேட்கவும் உரிமையில்லாதவர்.

இரண்டாவது, மார்க்கம். "கப்றுகளைக் கட்டக் கூடாது, அங்கே விழா எடுக்கக் கூடாது" என்பார்கள். நானும் கட்டச் சொல்லவில்லை. மாபிளும் வேண்டாம், குப்பாவும் வேண்டாம், கொடியும் வேண்டாம். கப்றுகளை ஸியாரத் செய்யுங்கள், அது மறுமையை நினைவூட்டும் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னதில் நமக்குள் பிணக்கு இல்லையே. எங்கே இருக்கிறது என்று தெரியாத கப்றை எப்படி ஸியாரத் செய்வது? கப்றை மிதிக்கக் கூடாது என்பதும் மார்க்கம்தான். அடையாளம் இல்லாவிட்டால் மாடும் மிதிக்கும், உழவு இயந்திரமும் மிதிக்கும்.

மூன்றாவது, "இது காணிப் பிரச்சினை, மையவாடியை வைத்து என்ன ஆகப் போகிறது?" என்பார்கள். யுத்தத்தால் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மேயிலிருந்து 2009 மே வரையான காலத்தை இன்னொருவருடைய ஆட்சிக் காலமாகக் கணக்கெடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். வழக்குப் போட ரெண்டு வருட அவகாசம்தான் தந்தார்கள். நம்மட ஆட்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது? காணி வழக்குக்குக் காலக்கெடு உண்டு, பணம் வேண்டும், சட்டத்தரணி வேண்டும். மையவாடியைப் பதிவு செய்ய அவ்வளவு தேவையில்லை. யாருடைய வயலையும் அது பறிக்காது. அரை ஏக்கரோ கால் ஏக்கரோ, இருப்பதை இருப்பதாகக் குறித்து வைப்பதுதான்.

என்ன செய்யலாம்? பெரிய அமைப்பு ஒன்றும் தேவையில்லை.

ஒன்று, பெயர்ப்பட்டியல். படுவான்கரையிலிருந்து வந்த குடும்பங்கள் உள்ள ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்தும் ஒரு சீஆர் கொப்பி எடுக்கட்டும். அங்கே அடக்கப்பட்டவரின் பெயர், வாப்பாவின் பெயர், குடி, ஏறத்தாழ எந்த வருடம், மையவாடியில் எந்தப் பக்கம். உம்மாமாரிடமும் கேட்க வேண்டும். பிள்ளையை அடக்கிய இடத்தைப் பெண்கள்தான் மறக்காமல் வைத்திருப்பார்கள்.

இரண்டு, இடம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடத் தாள்களை எடுத்து, வயசாளி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். குளம், வாய்க்கால், வண்டிப்பாதை என்று அவர் விரல் வைத்துக் காட்டுவார். பிறகு அவரையே கூட்டிப் போய், கைத்தொலைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, பதிவு. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் இருக்கிறது, வக்பு சபை இருக்கிறது. பள்ளிவாசலோடு சேர்ந்த மையவாடி என்று எழுத்தில் கொடுத்து, பிரதேச செயலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் நம்மட கையில் திகதியோடு ஒரு கடிதம் இருக்கும்.

நான்கு, வேலி. முள்ளுக்கம்பியோ, கிளுவைக் கதியாலோ போதும். வேலி போடப் போகும்போது பக்கத்துத் தமிழ் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். அந்த மையவாடி எது என்று நம்மை விட அவர்களுக்கு நல்லாத் தெரிந்திருக்கவும் கூடும். ஒரே வாய்க்காலில் தண்ணி பாய்ச்சியவர்கள் அல்லவா?

நம்மட பிள்ளைகளுக்கு ஆசிரியராக என் ஆசையும் இதுதான். நம்மட வரலாறு 1990இல் துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்கியது என்று அவர்கள் படிக்கக் கூடாது. கொல்லப்பட்டவர்களை மட்டும் நினைவு வைத்தால் நாம் சாவால் மட்டும் அறியப்படும் சனமாகிவிடுவோம். அந்த மையவாடிகளில் கிடப்பவர்களில் பெரும்பாலானவர்கள் வயசாகி, காய்ச்சல் வந்து, பிரசவத்தில், சாதாரணமாக மௌத்தானவர்கள். உழுதார்கள், விதைத்தார்கள், அறுத்தார்கள், ஸக்காத் கொடுத்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சாதாரண வாழ்க்கைதான் நம்மட வேர்.

உறுகாமம், உன்னிச்சை, மற்றும் படுவான்கரையில் எந்த ஊரானாலும், உங்கட ஆட்கள் யாரையாவது அங்கே அடக்கியிருந்தால் கீழே எழுதுங்கள். ஊர், பெயர், யாருடைய வாப்பா, யாருடைய உம்மா என்று போதும். எழுதத் தெரியாத வயசாளிகளுக்காகப் பேரப்பிள்ளைகள் எழுதுங்கள். முதல் கொப்பியை நான் வாங்கிவிட்டேன். வருகிற பெயர்களை அதில் எழுதி, அந்தந்த ஜமாஅத்திடம் ஒப்படைப்பேன், இன்ஷா அல்லாஹ்.

அவர்கள் அனைவரின் கப்றுகளையும் அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆமீன்.