தடுப்பாட்டக்காரரும் தொழிலாளிதான்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் லேத் ஆபரேட்டர் ஒருவருக்கு வேலையில் விரல் நசுங்கினால் ஈஎஸ்ஐ இருக்கிறது. சிகிச்சை கிடைக்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதமும் சட்டப்படி வந்து சேரும். அதே அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ போய், சென்னைக் கால்பந்து லீக்கில் காசுக்கு ஆடும் ஸ்டாப்பர் பேக், அதாவது தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு மூட்டு ஜவ்வு கிழிந்தால் என்ன இருக்கிறது? பல சமயம் கிளப் செயலாளரின் நல்ல மனசு மட்டும்தான். இந்த நிலை மாற வேண்டும். மாற்றுவதற்கான சாவி மாநில அரசின் கையிலேயே இருக்கிறது.

கால்பந்தில் தடுப்பாட்டக்காரரின் உழைப்பு கணக்கில் ஏறாத உழைப்பு. கோல் அடித்தவருக்கு எண்ணிக்கை உண்டு; அடுத்த கிளப்பிடம் அதைக் காட்டிச் சம்பளம் பேசலாம். எதிரணி முன்கள வீரரை 90 நிமிடம் அசையவிடாமல் பிடித்து வைத்தவருக்கு ஸ்கோர் பலகையில் இடமில்லை. ஆனால் உடலைக் கொடுப்பதில் அவர்தான் முன்னால் நிற்கிறார். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதும், தலையோடு தலை மோதுவதும், ஷாட்டின் குறுக்கே காலை நீட்டுவதும் அவருடைய அன்றாட வேலை. முன் சிலுவை ஜவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் மீண்டும் களமிறங்க ஒன்பது மாதம்வரை, சில நேரம் அதற்கு மேலும் ஆகும். கீழ்மட்ட ஒப்பந்தமோ ஒரு சீசனுக்குத்தான். ஆக, ஒரே காயத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும். அடுத்த ட்ரையல்ஸுக்கு வரும்போது வயது ஒன்று கூடியிருக்கும்.

சென்னைக்கு இது புதிய பாடமல்ல. 2022 நவம்பரில் மூட்டு ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காலையும் அதன்பின் உயிரையும் இழந்தார் நகரின் இளம் கால்பந்து வீராங்கனை ஒருவர். அரசு நிவாரணம் அறிவித்தது. காயம்பட்ட வீரருக்கு நல்ல மருத்துவரையும் சரியான பின்கவனிப்பையும் உறுதிசெய்யும் ஏற்பாடு லீக்கிலேயே இருக்க வேண்டும் என்ற விவாதம்தான் அதற்குப் பிறகும் நடக்கவில்லை.

திறமை இருந்தால் மேலே போய்விடலாமே என்பார்கள். சென்னை சிட்டி எஃப்சியின் கதையைப் பார்ப்போம். 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தி ஐ-லீக் பட்டத்தை அந்த அணி கைப்பற்றியது. அன்றைய மூன்று கோல்களில் இரண்டை அடித்தவர் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. அந்த அணியில் ஆடிய தமிழ்நாட்டுப் பையன்களில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும், அஜித் குமார் பெங்களூரு எஃப்சிக்கும் ஏறிப்போனார்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. பட்டம் வென்று மூன்று ஆண்டுகூட முடியாத நிலையில், 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. அதோடு, உள்ளூர் லீக்குக்கும் இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல்லுக்கும் இடையே நம் பையன்களுக்கு இருந்த முக்கியமான படிக்கட்டும் போயிற்று.

மேல்மாடியாவது உறுதியாக இருக்கிறதா? ஐஎஸ்எல்லின் வணிக ஒப்பந்தச் சிக்கலால் 2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்சியே தன் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. உச்சியில் உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், அடுத்தடுத்த தட்டுகளில் ஆடுபவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் இதற்கு விடையாக ஆபீஸ் அணிகள் இருந்தன. ஐசிஎஃப், இந்தியன் வங்கி, சுங்கத்துறை என்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கால் போனாலும் மேசை இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. அந்த ஏற்பாட்டை மட்டுமே நம்பி இனி ஒரு தலைமுறை பந்தாட முடியாது. ஆவடி டாங்க் தொழிற்சாலையே 2021 அக்டோபரில் அரசுத் துறை என்ற நிலையிலிருந்து தனி நிறுவனத்தின் கீழ் போய்விட்டது. மாநில அரசுப் பணியில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு பாராட்டத்தக்கதுதான். ஆனால் அங்கே பேசுவது பதக்கமும் சான்றிதழும். பத்து வருடம் லீக்கில் ஆடியதற்கு யாரும் பதக்கம் தருவதில்லை.

கிளப்புகளுக்கு ஏது பணம், கட்டாயப்படுத்தினால் மூடிவிட்டுப் போவார்கள் என்பது அடுத்த வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. கைக்காசைப் போட்டு அணி நடத்தும் கால்பந்து பைத்தியங்களால்தான் இந்த நகரின் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. அவர்களிடம் புதிதாகச் சம்பளம் கேட்க வேண்டாம். கொடுப்பதாக ஒப்புக்கொண்ட தொகையைத் தாளில் எழுதச் சொன்னால் போதும். காயக் காப்பீட்டை ஒவ்வொரு கிளப்பின் தலையிலும் கட்டாமல், லீக் முழுவதற்கும் ஒரே குழுக் காப்பீடாக, லீக்கை நடத்தும் சங்கமும் அரசும் சேர்ந்து எடுக்கலாம்.

எழுத்து ஒப்பந்தம் வெறும் சம்பிரதாயம் அல்ல. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரர் வெளியேறலாம் என்று 2018 முதல் ஃபிஃபா விதி சொல்கிறது. தாளே இல்லாதவருக்கு அந்த விதியால் என்ன பயன்? உலக வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 41 சதவீத வீரர்கள் சம்பளம் தாமதமானதாகச் சொன்னார்கள். குறைந்தபட்ச ஊதியம் என்பதும் நடக்காத கனவல்ல. மகளிர் லீக்கில் ஒவ்வொரு கிளப்பிலும் பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் ஒப்பந்தம் வேண்டும் என்று 2023-ல் முடிவெடுத்தது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புதான். ஆண்கள் கால்பந்தின் கீழ்த்தட்டுகளுக்கும் அப்படி ஒரு தொகையை அது நிர்ணயிக்கட்டும்.

அதுவரை மாநில அரசு காத்திருக்க வேண்டியதில்லை. நேரு விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வசம் இருக்கிறது. மைதானம் கேட்கும் எந்த லீக்கும் மூன்று தாள்களை இணைக்க வேண்டும் என்று ஆணையம் நிபந்தனை விதிக்கலாம்: பணம் பெறும் ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தம், லீக்கின் காயக் காப்பீடு, போன சீசனில் யாருக்கும் பாக்கி இல்லை என்ற கிளப்பின் உறுதிமொழி. இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். அடுத்த சீசனுக்கு மைதானம் கேட்டு வரும் முதல் விண்ணப்பத்திலிருந்தே இதைத் தொடங்கிவிடலாம்.