யாரும் பார்க்காத இடத்தில் கேளு மாப்ளே

அக்கா பையன் போன வாரம் போன் செய்தான். "மாமா, அவளோட பாரிஸ் போறேன். ஈஃபில் டவர் உச்சியில மண்டி போட்டு மோதிரத்தை நீட்டிடட்டுமா?"

1889-ல் திறந்த 330 மீட்டர் டவர். ஆசை நியாயம்தான். ஆனால் என் ஓட்டு 'வேண்டாம்'.

காரணம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. நான் பெண் பார்க்கப் போனபோது கூடத்தில் 14 பேர். கேசரி, மிக்சர், காப்பி முடிந்ததும் பெரியவர் ஒருத்தர் "பொண்ணுக்குச் சம்மதந்தானுங்களே?" என்றார். தலையாட்டினாள். பல வருஷம் கழித்துச் சொன்னாள்: "அத்தனை பேரு முன்னாடி வேற எப்படிங்க ஆட்டறது?" அதுவரை அதைச் சம்மதம் என்றே வரவு வைத்திருந்தேன். சுருக்கென்றது.

டவர் உச்சியும் அதே கூடம்தான். மிக்சருக்குப் பதில் செல்போன் கேமரா. முன்பின் தெரியாதவர்கள் கைதட்டக் காத்திருக்கும்போது "யோசிச்சுச் சொல்றேன்" என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்?

நம் முன்னோர் காதலர் கூடுவதற்கு வைத்த திணை குறிஞ்சி. ஆளரவமில்லாத மலைச்சாரல். அந்தப் பூ எங்கள் ஊருக்குத் தெற்கே மூணாறு மலையில் 12 வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாய்ப் பூக்கும். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை :-) செய்ன் நதிக்கரையில் ஒரு பெஞ்ச் போதும். பயணத்தின் கடைசி நாளில் கேள். 'இல்லை' என்று சொல்ல வழியுள்ள இடத்தில் வரும் 'சரி'தான் சரி.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, நானும் வீட்டுக்காரியைத் தனியாகக் கேட்கலாமென்று இருக்கிறேன். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.