பிந்திப் பேசுவான் என்று காத்திருக்கலாமா?

இரண்டு வயது கடந்தும் பிள்ளை பேசவில்லையே என்று கவலையுறும் தாய்க்கு நம் ஊர்களிற் கிடைக்கும் ஆறுதல் ஒன்றே. "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர், ஆம்பிளைப் பிள்ளைதானே, பேசுவான்" என்பதே அது. இது அன்பினாற் கூறப்படுவதென்பதை நாம் மறுக்கவில்லை. பிந்திப் பேசிப் பின்னர் நன்கு வாழ்ந்தோர் உளர் என்பதையும் மறுக்கவில்லை. ஆயின், பேச்சுப் பிந்திய பிள்ளைகள் யாவரும் ஒரு தன்மையினர் அல்லர். அவர்களுள் ஓட்டிசம் என்னும் நிலையுடைய பிள்ளையை இனங்காண வேண்டிய காலத்தை இந்த ஆறுதல் விழுங்கிவிடுகின்றது. அதுவே நமது முறையீடு.

மதியிறுக்கம் என்று இதனைத் தமிழிற் சிலர் எழுதுகின்றனர். அப்பெயர் நமக்கு உவப்பானதன்று. இப்பிள்ளைகளின் மதி இறுகிவிடவில்லை. பிறரோடு உறவாடும் வழியும் உலகை உணரும் வழியும் வேறாக அமைந்துள்ளன, அவ்வளவே.

பேச்சுக்கு முன்னரே கவனிக்க வேண்டியவை உள. ஓராண்டு நிறைந்த பிள்ளை தன் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். ஒன்றரை வயதளவில், முற்றத்திற் காகத்தைக் கண்டால் விரலாற் சுட்டிக் காட்டி, உடனே தாயின் முகத்தையும் பார்க்கும். அதற்குக் காகம் வேண்டியதில்லை. தான் கண்டதைத் தாயும் காணவேண்டும் என்பதே அதன் ஆசை. இச்சிறு செயல் பத்துச் சொற்களிலும் பெறுமதி வாய்ந்தது. ஓட்டிசமுடைய பிள்ளையிடம் பெரும்பாலும் இதுவே காணப்படுவதில்லை. அது தண்ணீர் வேண்டுமாயின் தாயின் கையைப் பற்றி இழுத்துச் சென்று செம்பின்மேல் வைக்கும், முகத்தை நோக்காது. விளையாட்டு வண்டியை ஓட்டாது, கவிழ்த்துவைத்துச் சில்லையே சுழற்றிக்கொண்டிருக்கும். போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்கும். ஒன்றை நகர்த்தினால் கதறும். பெயர் சொல்லி அழைக்கத் திரும்பாத அதே பிள்ளை, அரைக்கும் இயந்திரத்தின் ஒலிக்குக் காதைப் பொத்திக்கொள்ளும். "காது நல்லாய்க் கேட்குது, பிடிவாதம்தான்" என்று வீட்டார் முடிவு செய்வதும் இதனாலேயே. எனினும் செவிப்புலனை முறைப்படி சோதிப்பித்தல் முதற்கடன்.

16 மாதமாகியும் ஒரு சொல்லேனும் இல்லையாயின், இரண்டு வயதாகியும் தானாக இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லவில்லையாயின், வைத்தியரை நாடவேண்டும். முன்னர் பேசிய சொற்களைப் பிள்ளை இழக்குமாயின், எவ்வயதாயினும் தாமதிக்கலாகாது. ஓர் அறிகுறி மாத்திரம் ஓட்டிசத்தை நிலைநாட்டாது. பல சேர்ந்து தோன்றும்போது பார்த்திருப்பதே தவறு. வெண்காயத் தாளின் நுனி கருகக் கண்ட கமக்காரன், கிழங்கு முற்றட்டும் பார்ப்போம் என்று இருப்பதில்லை.

1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையை மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தது. பின்னர் சில காலம், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்னும் கொடிய கொள்கை மேனாட்டில் உலாவியது. 1967 இல் புறூனோ பெற்றல்ஹைம் அதனையே ஒரு நூலாக்கினார். 1977 இல் வெளிவந்த இரட்டைப் பிள்ளைகள் பற்றிய ஆய்வு, பிறப்புவழிக் காரணமே வலியதென்று காட்டியது. ஆயினும் அந்நூலைக் கண்ணாலுங் காணாத நம்மவர், அதே தீர்ப்பை இன்றும் தாயின் தலையிற் சுமத்துகின்றனர். அவள் வேலைக்குப் போனாளாம், கைத்தொலைபேசியைக் கொடுத்தாளாம். தொலைபேசியைக் குழந்தையின் கையிலிருந்து வாங்கிவைப்பது நன்றே. அதை வாங்கிவிட்டோம், இனி ஆறு மாதம் பார்ப்போம் என்பது மட்டும் நன்றன்று. தடுப்பூசியைக் குறை கூறுவோரும் உளர். அவ்வச்சத்தைக் கிளப்பிய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் மீளப்பெற்றுவிட்டது.

உண்மையில், 18 ஆம் மாதத் தடுப்பூசி நாளே நமக்குக் கிடைத்துள்ள நல்ல வாய்ப்பு. தாயிடமுள்ள பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் நிறைக்கோட்டை எல்லாரும் பார்க்கின்றனர். வளர்ச்சிப் படிகள் பற்றிய பக்கம் அத்துணைக் கவனம் பெறுவதில்லை. கேட்டாலும் தாய் "ஓம், ஓம்" என்று விடையளித்து ஊசியுடன் வீடு திரும்புகின்றாள். இந்நாட்டின் நகரயற் பிரதேசம் ஒன்றில் நடத்தப்பெற்று 2009 இல் வெளியான சிறியதோர் ஆய்வு, 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளுள் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. தாய்மாரின் விடைகளை மாத்திரம் நம்பியிருந்தால் இவர்களிற் பலர் தப்பியிருப்பர் என்பதும் அவ்வாய்விற் புலனாயிற்று. ஆதலால் குடும்பநல உத்தியோகத்தர் கேட்டெழுதுவதோடு நில்லாது, பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தும், ஒரு பொருளைச் சுட்டிக்காட்டியும் தாமே பார்த்தல் வேண்டும். ஐந்து நிமிட வேலை இது.

கற்றோர் வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்தில் உழைக்கும் தாய் அறியாமையாற் பிந்துகின்றாள். உத்தியோகத்தர் வீட்டிலோ, அறிந்தும் மறைக்கின்றனர். மூத்தவளின் கலியாணம் குழம்பிவிடும் என்று இளையவனை அறைக்குள் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையென்று எவர் சொல்ல வல்லார்?

இனங்கண்டபின் எங்கே செல்வது? பேச்சுச் சிகிச்சை மொழியோடு பிணைந்தது. தாய் தாலாட்டிய மொழியிலன்றி வேறெம்மொழியிற் பிள்ளைக்கு முதற் சொல்லைக் கற்பிப்பது? தமிழிற் பயிற்ற வல்ல பேச்சுச் சிகிச்சையாளர் மிகச் சிலரே. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் றாகமவில் இத்துறையிற் பட்டதாரிகளை உருவாக்குகின்றது. நம் மாணவர் அதனை நாடல் வேண்டும். வடக்குக் கிழக்கிலும் மலையகத்திலும் மாவட்ட வைத்தியசாலைதோறும் தமிழறிந்த சிகிச்சையாளருக்குப் பதவிகளை ஏற்படுத்தி நிரப்புமாறு அரசாங்கத்தை நாம் கேட்கின்றோம். பாராளுமன்றத்திலுள்ள நம் பிரதிநிதிகள், வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு விவாதத்துக்கு வரும்போது இதனை எழுப்புவார்களாக.

அதுவரை பெற்றோர் வாளாவிருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் முகத்துக்கு நேரே நிலத்தில் அமர்ந்து, அது விளையாடுவதையே தாமும் விளையாடி, அது நோக்கும் பொருளின் பெயரைச் சிறு சொல்லாற் சொல்லி, விடைக்குப் பொறுத்திருக்கலாம். இந்நிலையை மருந்தால் அடியோடு மாற்றித் தருவோம் என்று பணங் கேட்போரிடம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.