மகமை நமக்குப் புதிதல்ல

மாதச் சாமான் சீட்டைக் கொடுத்துவிட்டு, பொட்டலம் கட்டி முடிக்கும் வரை கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் என்ன பேசுகிறார்? சாக்கடை அடைத்திருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்கிறார். பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முடியும்: "யாராச்சும் முன்னால நின்னா நாங்களும் வர்றமுங்க."

வணிகப் பெருமக்களே, இதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை மக்களிடம் இருக்கிறது. அதை ஒன்றுசேர்க்கும் இடம்தான் இல்லை. நம் கடைகளே அந்த இடமாகலாம்.

நம் பக்கத்து மக்கள் ஒதுங்கி நிற்பவர்கள் அல்லர். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக அறுபது ஆண்டுக்கும் மேல் குரல் கொடுத்தார்கள். 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1,045 குளம் குட்டைகளுக்கான அத்திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கப்பட்டது. 2015-இல் உருவான 'வனத்துக்குள் திருப்பூர்' முயற்சியில் பல லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன.

வணிகர்களுக்கோ இது பரம்பரைப் பழக்கம். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்துச் சத்திரமும் கிணறும் பள்ளிக்கூடமும் கட்டியவர்கள் நம் முன்னோர். விருதுநகரில் மகமைப் பணமும் வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசியும் வளர்த்த க்ஷத்திரிய வித்யாசாலாவில்தான் காமராசர் படித்தார்.

தமிழக அரசு 1997-98-இல் கொண்டுவந்த 'நமக்கு நாமே' திட்டமும் ஏறக்குறைய மகமைதான். 2021-இல் நகர்ப்புறங்களுக்கு அது மீண்டும் வந்தபோது, செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும் என்று வகுத்தார்கள். 3 லட்ச ரூபாய் வேலைக்கு நம் பங்கு 1 லட்சம். நூறு கடைகள் ஆளுக்கு ஆயிரம் போட்டால் போதும். போட்ட பணம் மும்மடங்கு வேலையாகத் திரும்பும் வியாபாரம் வேறு எங்கே உண்டு?

அப்படியிருந்தும் மக்கள் தயங்குவது ஏன்? பணத்துக்காக அல்ல, கணக்குக்காக. வசூல் நோட்டு வரும்; வரவு செலவு வராது. திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும். ஆறு மாதம் கழித்துப் பல்பு மாற்ற ஆள் வராது. கணக்கு எழுதுவதோ நம் தொழில். ஒவ்வொரு பணிக்கும் ரசீது, கடை வாசலில் வரவு செலவுப் பட்டியல், பராமரிப்புக்கு ஒரு பொறுப்பாளர் என்ற மூன்றையும் சங்கம் ஏற்றுக்கொண்டால் நம்பிக்கை தானே வரும்.

நம் தவறையும் ஒப்புக்கொள்வோம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், சாக்கடையை அடைக்கும் கேரி பேக் எங்கிருந்து போகிறது? அதை நிறுத்துவதற்கு ஒரு ரூபாய் வசூலும் தேவையில்லை.

இன்னொன்று. விசைத்தறியிலும் கோழிப்பண்ணையிலும் உழைக்கும் வெளிமாவட்டத்தார், வடமாநிலத்தார் பலருக்கு இங்கே ஓட்டு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள், நம்மிடம்தான் அரிசி வாங்குகிறார்கள். அவர்களையும் கூப்பிட வேண்டும்.

2022 நவம்பர் 1-இல் நகரப் பகுதிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அப்படி ஒரு கூட்டம் கூடும்போது பத்து வாடிக்கையாளர்களோடு போய் உட்காருவோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட வேண்டாம். ஒரு தெரு, ஒரு வேலை போதும்.

அடுத்த மாதச் சீட்டோடு அதே வாடிக்கையாளர் வருவார். "யாராச்சும் முன்னால நின்னா..." என்று தொடங்குவார். அப்போது கல்லாவிலிருந்து எழுந்து, "நான் நிக்கறனுங்க, வாங்க" என்று சொல்ல நாம் தயாராக இருக்க வேண்டும்.