தேனிலவுக்கும் கைக்கூலியா?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வாரம் பாடசாலை விட்ட நேரம். நாங்கள் இரண்டு மூன்று ஆசிரியைகள் வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா அந்தப் பக்கமாக வந்தார். கொட்டாஞ்சேனையில் சின்னதாக வியாபாரம் செய்கிறவர். மகளின் நிகாஹ் முடிந்து ஒரு மாதம். "புள்ள எப்படி?" என்று கேட்டோம். ஃபோனை எடுத்துக் காட்டினார். மலேசியா, கெந்திங் மலை. பின்னால் மூடுபனி. மகளும் மருமகனும் ரோலர் கோஸ்டரில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்துகிறார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அது. பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

அவர் சிரிக்கவில்லை. "மாப்பிள்ள வீட்டால சீதனம் ஒன்டும் கேட்கல்ல டீச்சர். நல்ல மனுசர். ட்ரிப்ப மட்டும் எங்கள பாத்துக்கொள்ளச் சொன்னாங்க" என்றார்.

அந்த "மட்டும்" எங்கே இருக்கிறது தெரியுமா? செட்டியார் தெருவில் அடகில் இருக்கிறது. பிள்ளையின் உம்மா கையில் கிடந்த காப்பு அது. மீதிக்குச் சீட்டு எடுத்திருக்கிறார். இன்னும் ஒன்றரை வருஷம் மாதாமாதம் கட்ட வேண்டும். அவருக்கு இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள்.

இந்தப் பதிவு அந்த "மட்டும்" பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் தேனிலவுக்கு எதிரி இல்லை. புதுசாகக் கல்யாணம் முடித்த இரண்டு பேர் ஊரையும் உறவையும் விட்டுத் தள்ளிப்போய் நாலு நாள் சிரித்து விளையாடுவதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை நாமெல்லாம் மத்ரஸாவில் படித்தவர்கள்தான். ஒரு தடவை ஆயிஷா நாயகி முந்தினார்கள், பிறகு ஒரு தடவை நபியவர்கள் முந்தினார்கள். மனைவியோடு விளையாடுவது சுன்னத்தில் இருக்கிறது. மனைவியின் வாப்பாவிடம் அதற்குக் காசு வாங்குவது எந்தக் கிதாபிலும் இல்லை.

ஆனால் நமது சமூகத்தில் பேச்சு எப்படிப் போகிறது பாருங்கள். ஒரு சோடி தீம் பார்க்கில் எடுத்த படத்தைப் போட்டால் கீழே கருத்துகள் வந்து குவியும். "முஸ்லிம் பெண்ணுக்கு இது அழகா?" "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்." "கெந்திங் கசினோ இருக்கிற இடமாச்சே!" சிரித்த பெண்ணுக்கு இருபது பேர் புத்தி சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்கு யார் காசு கட்டியது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் கருத்து எழுதியவரின் வீட்டுக் கதையும் வெளியே வந்துவிடும் அல்லவா?

கசினோ பேச்சு வந்துவிட்டதால் அந்த மலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். கெந்திங்கைத் தொடங்கியவர் லிம் கோ தொங் என்ற சீன வம்சாவளித் தொழிலதிபர். 1965இல் கம்பனியைத் தொடங்கும்போது அவரோடு பங்காளியாகச் சேர்ந்தவர் முஹம்மத் நோஹ் ஒமர், மலேசியப் பாராளுமன்றத்தின் முதல் சபாநாயகர். 1969இல் கசினோ அனுமதி கிடைத்தது. 1971இல் முதல் ஹோட்டல் திறந்தது. இன்றைக்கு அங்கே உள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் 7,351 அறைகள். அறைகளின் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது என்று 2015இல் கின்னஸில் பதிவானது. நம்முடைய சோடிகள் படம் பிடிக்கிற புதிய தீம் பார்க், ஸ்கைவேர்ல்ட்ஸ், 2022 பெப்ரவரியில் திறந்தது.

அந்தக் கசினோவுக்குள் முஸ்லிம்களை விடமாட்டார்கள். சூது ஹராம் என்பது அங்கே சட்டமாகவே இருக்கிறது. நல்லது. ஆனால் நாங்கள் யோசிக்கிறோம்: தன்னிடம் இல்லாத காசை, மகளின் வாழ்க்கை நல்லா அமையும் என்ற நம்பிக்கையில், திரும்பி வருமா என்று தெரியாமல் ஒரு மனிதர் மேசையில் வைக்கிறாரே, அது என்ன? மலேசியாவில் சூதாட்ட வாசலில் முஸ்லிமைத் தடுத்து நிறுத்த ஆள் நிற்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சம்பந்தம் பேசுகிற வீட்டு வாசலில் நிறுத்துவதற்கு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. மலேசியாவுக்குப் போய்வந்த மாப்பிள்ளைமார் என்னென்ன கொண்டு வருகிறார்கள்? சொக்கலேட், பெர்ஃபியூம், காந்தம் ஒட்டிய பொம்மை, ஆயிரம் படம். அந்த நாட்டு முஸ்லிம்களின் கல்யாண வழக்கத்தை மட்டும் விமானத்தில் ஏற்ற இடம் போதவில்லை போலும். மலாய்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை மஹர் கொடுக்கிறார். அதற்கு மேல் "ஹந்தாரான்" என்று பெண் வீட்டுக்கு ஒரு தொகையும் கொடுக்கிறார். அது கூடிக்கொண்டே போகிறது, பையன்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று அங்கேயும் குறை சொல்கிறார்கள். எந்தப் பழக்கமும் அளவு மீறினால் சுமைதான். ஆனால் அங்கே காசு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். நாம் போகிற தேனிலவு மலேசியாவில். நாம் பிடித்த கணக்கு மட்டும் தலைகீழ்.

மஹரைப் பெண்களுக்கு மனமுவந்து கொடுக்கச் சொல்வது சூரா அந்நிஸாவின் 4ஆவது வசனம். நமது பதிவேட்டில் மஹர் என்ற இடத்தில் ஒரு பவுண், இரண்டு பவுண் எழுதுகிறோம். அதே மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டிலிருந்து மாடி வீடு, வாகனம், இப்போது விமான டிக்கட். அதே சூராவின் 34ஆவது வசனத்தைப் பயான்களில் எத்தனை தரம் கேட்டிருப்போம், ஆண்கள்தான் பெண்களை நிர்வகிப்பவர்கள் என்று. அநேகமாகப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆண்கள் தங்கள் செல்வத்திலிருந்து செலவழிக்கிறார்கள் என்பதையும் அதே வசனம்தான் காரணமாகச் சொல்கிறது. செலவை மாமனார் செய்ய, நிர்வாகத்தை மருமகன் செய்வதா?

சட்டத்தையும் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் "கைக்கூலி" என்ற நம்முடைய தமிழ்ச் சொல்லே இருக்கிறது. மணமகளின் பாவனைக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்பதுதான் அதன் கருத்து. அதாவது அது அவருடைய சொத்து இல்லை, அவளுடையது. பிரச்சினை வந்தால் மனைவி காதி நீதிமன்றத்தில் அதைத் திரும்பக் கேட்கலாம். அந்தச் சட்டத்தில் எத்தனையோ குறை உண்டு. மணமகளின் கையொப்பத்தையே அது கேட்பதில்லை. கடவுச்சீட்டில் கையொப்பம் வைத்து மலேசியா போகிற பிள்ளை, தன் நிகாஹ் பதிவில் கையொப்பம் வைக்காமல் போகிறாள். இருந்தாலும் கைக்கூலி விஷயத்தில் அவளுக்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ட்ரிப் என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் அந்தக் கதவும் மூடிக்கொள்கிறது. காசாகக் கொடுத்தால் இவ்வளவு என்று சொல்ல ஒரு கணக்காவது இருக்கும். பயணமாகக் கொடுத்தது ஐந்து நாளில் தீர்ந்துவிடும். பிறகு எந்தக் காதியிடம் போய் எதைக் கேட்பது? ரோலர் கோஸ்டரில் சுற்றியதையா?

"அவங்க விரும்பித்தானே தாறாங்க டீச்சர், அன்பளிப்புத்தானே" என்பார்கள். சரி. அன்பளிப்பா, கைக்கூலியா என்று கண்டுபிடிக்க நாங்கள் ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறோம். ஒரே கேள்வி. தராவிட்டால் என்ன நடக்கும்? மாமியின் முகம் மாறுமா? "மூத்த மருமகள்ட வீட்டால துபாய்க்கு அனுப்பினாங்க" என்ற கதை சாப்பாட்டு மேசையில் வருமா? பத்து வருஷம் கழிந்த பிறகும் ஒரு சண்டையில் அது எழும்புமா? இந்த மூன்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றால் அது அன்பளிப்பு இல்லை. கேட்காமலே வாங்கிய கைக்கூலி. வாய் திறந்து கேட்டால் கௌரவம் போய்விடும் என்று கண்ணால் கேட்பது.

2022ஐ நாம் இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 ரூபா அளவுக்குப் போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. கேஸ் சிலிண்டருக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பரீட்சைத் தாளுக்குக் கடதாசி இல்லை. அந்த வரிசைகளில் நின்ற வாப்பாமார்தான் இன்றைக்கு ரிங்கிட்டில் ஹோட்டல் பில் கட்டுகிறார்கள். அந்த வருஷம் போன சேமிப்பு இன்னும் திரும்பி வரவில்லை. சம்பந்தக்காரர்களின் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த வாப்பா மட்டுமில்லை. அவரைக் கண்ட மறுநாள் உயர்தர வகுப்பில் கொடுக்கல் வாங்கல், குடும்பச் செலவு பற்றிப் பேச்சு வந்தது. கல்யாணத்தில் என்னென்ன செலவு, யார் கட்டுவது என்று கேட்டோம். மண்டபம், சாப்பாடு, உடுப்பு என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஹனிமூன் என்றதும் ஒரு பையன் எழுந்து, "அது மாமாட கணக்கு" என்றான். வகுப்பு சிரித்தது. பெண் பிள்ளைகளும் சிரித்தார்கள். பகிடி விட்டதற்காகச் சிரித்தார்களே தவிர, அவன் சொன்னதில் பிழை இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல பையன். ஐந்து வேளை தொழுகிறவன். அவனுக்கு இதை யார் படிப்பித்தது? பாடப்புத்தகத்தில் இல்லை. நாங்கள் படிப்பிக்கவில்லை. வீட்டில் பார்த்துப் படித்திருக்கிறான்.

ஆகவே சிலருக்குச் சில வார்த்தைகள்.

மாப்பிள்ளை தம்பிமாரே, உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கையில் உள்ள காசு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போங்கள். கெந்திங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீற்றர். நமது நுவரெலியா 1,868 மீற்றர். அதே குளிர், அதே மூடுபனி, கோட்டையில் ரயில் ஏறினால் நானுஓயாவில் இறங்கலாம். தண்ணீரில் சறுக்கி விளையாட ஆசையா? ஹங்வெல்லையில் லெஷர் வேர்ல்ட் இருக்கிறது, பண்டாரகமையில் பேர்ல் பே இருக்கிறது. காலையில் போய் இரவு வீட்டுக்கு வரலாம். அதற்கும் இப்போது வசதி இல்லையா? அஸருக்குப் பிறகு காலிமுகத்திடலுக்குப் போய் இரண்டு பேரும் ஒரு இஸ்ஸோ வடையைப் பகிர்ந்து சாப்பிடுங்கள். உங்கள் உழைப்பில் வாங்கிய வடை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். காலம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவாள், பெருமையாக. இரண்டு வருஷம் சேர்த்துப் பிறகு மலேசியா போனால் யார் வேண்டாம் என்றது?

மாப்பிள்ளையின் உம்மாமாரே, நீங்களும் ஒரு காலத்தில் மணமகள். உங்கள் வாப்பா பட்ட கடன் உங்களுக்கு நினைவிருக்கும். அதை இன்னொரு பிள்ளையின் வாப்பாவிடம் அறவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளின் வாப்பா, உம்மா, "இயலாது" என்று சொல்லப் பழகுங்கள். அந்த ஒரு சொல்லுக்காகத் திரும்பிப் போகிற மாப்பிள்ளை, போனது உங்கள் அதிர்ஷ்டம்.

பள்ளி நிருவாகிகளே, மௌலவிமாரே, நிகாஹ் குத்பாவில் இதையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். "சீதனம் ஹராம்" என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் புரியாணி சாப்பிடப் போய்விடுகிறார்கள். "பெண்ணின் வாப்பா காசில் பயணம் போகாதே" என்று சொல்லிப் பாருங்கள். முன் வரிசையில் எத்தனை பேர் குனிகிறார்கள் என்று தெரியும்.

எங்களிடம் படித்த, படிக்கிற பெண் பிள்ளைகளே, சம்பந்தம் பேசும்போது உள்ளறையில் இருந்து காது கொடுத்துக் கேட்டது போதும். "ட்ரிப்புக்கு யார் காசு?" என்று நீங்களே கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவள் கேட்கிறவள் இல்லை.

அந்த வாப்பா அன்றைக்குப் போகும்போது ஃபோனை இன்னொரு தரம் திறந்து பார்த்தார். "புள்ள நல்லா சந்தோஷமா ஈக்கிறா, அது போதும்" என்றார். அவளுக்கு இன்னும் தெரியாது. உம்மாவின் கையில் காப்பு இல்லை என்பதை அடுத்த பெருநாளைக்கு வீட்டுக்கு வரும்போது காண்பாள். அன்றைக்கு அந்தப் படத்தை அவளால் மறுபடி பார்க்க முடியுமா?

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் சிரிப்பை எங்கள் கடனில் கட்டிவிடாதே. ஆமீன்.

பகிர்கிறவர்கள் பகிருங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டில் இவ்வருடம் கல்யாணம் பேசுகிற மகன் இருந்தால், அவரை இன்றிரவு பக்கத்தில் இருத்தி இதை வாசித்துக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.