எங்கள் மனுக்களில் இல்லாத குழந்தை

1984-இல் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் வந்தபோது, அதன் 13-ஆம் பிரிவு வழக்கறிஞர்களாகிய எங்களை வாசலிலேயே நிறுத்தியது. இந்த மன்றத்தில் வக்கீல் வைத்து வாதாடுவது யாருக்கும் உரிமை இல்லை, நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. அந்த அனுமதி இன்று வழக்கமாகிவிட்டது. எங்கள்மேல் அன்று சட்டம் வைத்த சந்தேகத்தைப் பொய்யாக்கும்படி நாங்கள் நடந்துகொள்ளவில்லை.

சட்டத்திலும் கோணல் உண்டு. மணவாழ்வு சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்பதையே விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-இல் தன் 71-ஆவது அறிக்கையில் சொன்னது. இந்து திருமணச் சட்டத்தில் அது இன்னும் ஏறவில்லை. உச்ச நீதிமன்றம் மட்டும் அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவைக் கொண்டு அப்படி விடுவிக்கலாம் என்று 2023-இல் தீர்ப்பானது. மற்ற மன்றங்களில் இருவரும் ஒத்துப்போய்ப் பரஸ்பர சம்மத மனு போடாவிட்டால், ஒருவர்மேல் ஒருவர் குற்றம் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் அது ‘கொடுமை’. அடிபட்டு வந்த பெண்ணுக்காகக் கொடுமையை எழுதியதில் எங்களுக்கு வருத்தம் இல்லை, அதை ஒன்றுவிடாமல் எழுதத்தான் வேண்டும். ஆனால் மனம் ஒட்டாமல் பிரிய வந்தவர்களுக்கும் அதே பத்திகளைப் பழைய கட்டிலிருந்து எடுத்துப் பெயர் மாற்றிப் போட்டோம். அவள் நடத்தை சரியில்லை, அவன் குடிக்கிறான், அவளுக்கு மனநோய். எதிர்மனு அதற்கும் மேலே போனது. பிறகு அந்தச் சேற்றையே அள்ளிக் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற மனுவிலும் பூசினோம்.

அங்கே கேள்வியே வேறு. குழந்தையின் நலனே தலையாயது என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. எங்கள் மனுக்களில் அந்த வரி தவறாமல் இருக்கும். பிள்ளை என்ன படிக்கிறது, யார் பக்கத்தில் படுத்தால் தூங்கும், வீசிங்குக்கு மருந்து எடுக்கிறதா என்பதெல்லாம் இருக்காது. கட்சிக்காரரிடம் நாங்கள் கேட்டிருந்தால்தானே!

எல்லாவற்றையும்விட வாய்தா விஷயத்தில்தான் எங்கள் பாவம் பெரிது. விவாகரத்து வழக்கை, நோட்டீஸ் சேர்ந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 21பி பிரிவு. நாங்களோ எதிர்மனுவுக்கு நேரம் கேட்டோம், குறுக்கு விசாரணைக்கு நேரம் கேட்டோம். பிள்ளை யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தாமதமே வெற்றி என்று தெரிந்தேதான் கேட்டோம். மூன்று வயதில் பிரிக்கப்பட்ட பிள்ளை ஆறு வயதில் பெற்றவரைக் கண்டு ஒதுங்குகிறது. நாங்கள் உண்டாக்கிய அந்த ஒதுக்கத்தையே “குழந்தைக்குப் போக விருப்பமில்லை” என்று நீதிபதி முன் எடுத்துவைத்தோம்.

பார்க்கும் உரிமை கேட்டபோதும், நீதிமன்ற வளாகத்தில் சில மணி நேரம் என்பதோடு திருப்திப்பட்டோம். விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்லி எந்தத் தரப்பும் கேட்கலாம், குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதைக்கூடக் கட்சிக்காரர்களிடம் சொல்லவில்லை. நீதிமன்ற ஆலோசகர் முன்னால் என்ன பேச வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினோம்.

2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில், பெற்றோர் இருவரும் வளர்ப்புப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வழிமுறைகளை வகுத்துக் கொடுத்தது. அதைச் சட்டமாக்கக் கோரிக் குரல் எழுப்ப வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நாங்கள். தேவையான அளவு எழுப்பவில்லை.

சக வழக்கறிஞர்களே, அடிதடியும் அச்சமும் உள்ள வீடுகளுக்குப் பாதுகாப்புதான் முதலில். மற்ற வழக்குகளில் அடுத்த வாய்தாவுக்கு முன்பே எதிர்த்தரப்பு வக்கீலைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பள்ளி நாள், விடுமுறை, பண்டிகை, தாத்தா பாட்டி வீடு என்று பிள்ளையின் நாட்களை ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்யுங்கள். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.