பேராதனைத் தோட்டமும் பெயரற்ற மக்களும்

கண்டி மாநகருக்கு மேற்கே ஏறக்குறைய நான்கு மைல் தொலைவில், மகாவலி கங்கை வளைத்தோடும் நிலத்திலே, 147 ஏக்கர் பரப்பில் விளங்குவது பேராதனைப் பூந்தோட்டம். சாஆ, லாபிஸ், யோங் பெங் முதலிய ஊர்களிலிருந்து நம்மவர் பலர் இக்காலத்தில் விமானமேறிச் சென்று, அங்குள்ள அரசப்பனை வரிசையின் கீழ் நின்று படமெடுத்துத் திரும்புகின்றனர். போவதை நாம் குறை கூறோம். தம் சரித்திரத்தின் முதலேடு அந்த மண்ணிலே கிடக்கின்றதென்று அறியாமலே திரும்புகின்றனரே, அதனைத்தான் குறை கூறுகின்றோம்.

முன்னாளில் அது கண்டி மன்னர்க்குரிய உபவனம். அவர்களுட் கடைசியாக ஆண்டோர் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் மரபினர் என்று நம்மிற் சிலர் மார்தட்டுவதுண்டு. அப்பெருமையினால் எந்தத் தொழிலாளி வீட்டு உலை கொதித்தது? 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பார் அங்கே தாவரத் தோட்டத்தை நிறுவினார். கண்ணுக்கினிய மலர்களுக்காக மட்டுமா நிறுவினார்? அன்று. அது வியாபாரத்தின் நாற்றங்கால். சீனத் தேயிலை 1824இலும், அஸ்ஸாம் தேயிலை 1839இலும் அங்கே ஊன்றப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்தபோது, முதலாளிமார் நட்டமடைந்து நிற்காமல் தேயிலைக்குத் தாவினர். அதற்கு வேண்டிய செடியறிவை ஆயத்தமாக வைத்திருந்தது பேராதனை.

இரப்பரின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட விதைகளில் முளைத்த 1,919 கன்றுகள், அவ்வாண்டே 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. வாடாதபடி காக்க ஒரு தோட்டக்காரரும் உடன் சென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் இரப்பர் பயிரிட்டார். பின்னர் ஜொகூர் காடுகளும் பால்மரக் காடுகளாயின.

இனி மனிதர் வந்த வகையைப் பாருங்கள். இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறட்சியும் கடந்து மாத்தளை வரையில் கால்நடையாக நடந்தனர். பேதியாலும் பட்டினியாலும் வழியிலே வீழ்ந்தோர் எண்ணற்றவர். செடிக்குக் கண்ணாடிப் பெட்டியும் காவலும். மனிதனுக்குக் காட்டுவழியும் கங்காணியும்! வாடிய கன்றுக்குக் கணக்குண்டு, மாண்ட மனிதனுக்கு உண்டா?

இப்பொழுதும் பேராதனையில் ஞாபக மரங்கள் நிற்கின்றன. 1875இல் வேல்ஸ் இளவரசர் நட்டது ஒன்று. 1901இல் பின்னர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் நட்டது ஒன்று. 1961இல் விண்வெளி சென்ற யூரி ககாரின் நட்டது ஒன்று. ஒரு நாள் வந்து ஒரு கூடை மண் தள்ளியவர்க்குப் பெயர்ப்பலகை! தலைமுறை தலைமுறையாக மலைச்சரிவையே பசுமையாக்கியவர்க்கு அத்தகைய மரமும் பலகையும் எங்கே? 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இத்தோட்டத்திலேதான் அமைத்தார். அதற்கு முந்திய ஆண்டில் முடிவுற்ற சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மடிந்திருந்தனர். படைத்தலைவர் தங்கிய இடம் சரித்திரமாகிறது. அவர்கள் வீழ்ந்த இடமோ புதர் மண்டிக் கிடந்தது.

“பூந்தோட்டம் சாஸ்திரத்திற்குரியது, அங்கே கூலிக்கதை எதற்கு?” என்று நாகரிகர் சிலர் கேட்கக்கூடும். அவர்களை நாம் கேட்கிறோம்: இளவரசர் மரம் எந்தச் சாஸ்திரத்தைச் சேர்ந்தது? நினைவுக்கு அங்கே இடம் உண்டென்று ஆனபின், யாருடைய நினைவு என்பதே வழக்கு. இது வெறும் பலகை வழக்கன்று. மலைநாட்டை உண்டாக்கியவர் யாரென்று எழுதாத நாட்டிலேதான், 1948இல் ஒரு சட்டத்தினால் இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டனர். 1964 ஒப்பந்தமோ அவர்களை ஆட்டுமந்தைபோல் எண்ணிப் பங்கிட்டது. 2023இல் மலையக மக்கள் தம் முன்னோர் நடந்த தலைமன்னார்-மாத்தளை வழியிலே மீண்டும் நடந்து காட்டினர். அந்த வழி எங்கிருந்து எங்கே சென்றதென்று பேராதனை வாயிலிலே மும்மொழியிலும் எழுதிவைப்பதற்கு என்ன தடை?

நம் வீட்டுக் குறையையும் கூறிவிடுவோம். கோயில் குழல்விளக்கின் வெளிச்சம் மறையுமளவு உபயகாரர் பெயரை எழுதத் தெரிந்தவர் நாம். ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல காலியாயின. முதியோர் மக்களோடு பட்டணத்துக்குப் போயினர். அவர்கள் பெயரை யார் எழுதினோம்? விடியுமுன் பெரட்டுக் களத்திலே நாள்தோறும் கூப்பிடப்பட்ட பெயர்கள் அவை. கூலியைப் பிடிப்பதற்காகவாவது துரைமார் அவற்றை ஏட்டில் எழுதி வைத்தனர். திருவிழாத் தோரணச் செலவிற் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, இருக்கும் பாட்டன் பாட்டிமாரைக் கேட்டு, தோட்டம் தோட்டமாக அப்பெயர்களை எழுதித் தமிழ்ப்பள்ளிச் சுவரிலே பதிக்கும்படி நம் ஆலயக் குழுவினரையும் சங்கத்தாரையும் கேட்கின்றோம். வரும் திருவிழாவிற்கு இன்னும் வசூல் தொடங்கவில்லை. இப்பொழுதே முடிவு செய்யலாம்.